இம்மி பிசகாத தொழில்: வீடியோக் கருவி வீட்டுக்கு வந்த வரலாறு

தமிழர் மிகச் சிறிய அளவுகளுக்கும் பெயரிட்டு வழங்கியவர்கள். ஒன்றை 320 கூறிட்டால் வரும் ஒரு கூற்றை முந்திரி என்றனர். அதனினும் மிகமிகச் சிறியதை இம்மி என்றனர். கணக்கதிகாரம் போன்ற பழைய கணக்கு நூல்கள் இத்தகைய சிற்றளவைகளை விரித்துரைக்கின்றன. ஏட்டுக் கணக்கு மறைந்து போயினும், 'இம்மியும் பிசகவில்லை' என்னும் வழக்கு இன்றும் மக்கள் நாவில் நிலைத்து நிற்கிறது. தச்சரோ பொற்கொல்லரோ செய்த வேலை செம்மையாக அமைந்துவிட்டால், அவ்வாறு கூறிப் பாராட்டுவது வழக்கம்.

ஆயினும், கைவினைஞரின் செம்மை வேறு. தொழிற்சாலையின் செம்மை வேறு. பொற்கொல்லர் ஒரு சிமிழ் செய்து அதற்கு மூடி செய்கிறார். அம்மூடி அந்தச் சிமிழுக்குப் பொருந்தினால் போதும். வேறொரு சிமிழுக்குப் பொருந்த வேண்டியதில்லை. தொழிற்சாலையில் பத்து இலட்சம் சிமிழ்களும் பத்து இலட்சம் மூடிகளும் தனித்தனியே செய்யப்படுகின்றன. அவற்றுள் எந்த மூடியை எடுத்தாலும் எந்தச் சிமிழுக்கும் பொருந்த வேண்டும். இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும் பொருள், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடுதோறும் இடம்பெற்ற வீடியோப் பதிவுக் கருவியாகும். அதை முதலில் வெற்றியுடன் செய்து காட்டியது அமெரிக்கா. ஆனால் அதை எளிய குடும்பத்தின் கூடத்துக்குக் கொண்டுவந்தவை ஜப்பானியத் தொழிற்சாலைகள். இது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வது பயனுடையது.

மாற்றிப் பொருத்தும் கலை

ஓர் உறுப்பை எடுத்துவிட்டு, அதே வகையைச் சேர்ந்த வேறோர் உறுப்பை அவ்விடத்தில் வைத்தால் அது அப்படியே பொருந்த வேண்டும் என்னும் கருத்து முதலில் துப்பாக்கித் தொழிலில் தோன்றியது. பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்பவர் துப்பாக்கி விசையின் உறுப்புகளை இவ்வகையில் செய்தார். 1785ஆம் ஆண்டில் அவர் பட்டறையைப் பார்வையிட்ட அமெரிக்கத் தூதர் தாமஸ் ஜெபர்சன், குவியலிலிருந்து கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் தாமே விசைகளைப் பூட்டிப் பார்த்து வியந்தார்.

கருத்து எளிது, செயல் அரிது. அளக்க முடிந்த அளவிற்கே ஒரு பொருளைச் செம்மையாகச் செய்ய முடியும். இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800ஆம் ஆண்டையொட்டித் திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவர் பட்டறையில் வேலை கற்ற ஜோசப் விட்வொர்த், திருகாணிகளின் மரை எங்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று 1841இல் ஒரு முறையை வகுத்தார். பின்னர் சுவீடனில், எஸ்கில்ஸ்டூனா நகரத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய யோஹான்சன் என்பவர், 1896இல் எஃகு அளவுக்கட்டைகளைக் கருதிக் கண்டார். 102 கட்டைகளைப் பலவாறு சேர்த்து ஏறத்தாழ 20,000 அளவுகளைப் பெறலாம். இக்கட்டைகள் உலகெங்கும் பரவின. ஒரு நாட்டுத் தொழிலாளியின் மில்லிமீட்டரும் மற்றொரு நாட்டுத் தொழிலாளியின் மில்லிமீட்டரும் ஒன்றாயின.

ஒலிக்கு ஒரு நாடா, காட்சிக்கு ஒரு சுழல்

காந்தத் தூள் பூசிய நாடாவில் ஒலியைப் பதியும் முறைக்கு 1928இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் புளூமர் வழிகாட்டினார். 1935இல் பெர்லின் கண்காட்சியில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் நாடாக் கருவியை மக்கள் முன் வைத்தது. போர் முடிந்தபின் ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கப் பொறியாளர் அக்கருவிகள் இரண்டைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். பாடகர் பிங் கிராஸ்பி அளித்த ஆதரவால், கலிபோர்னியாவில் 1944இல் அலெக்சாண்டர் போனியாட்டாப் தொடங்கிய ஆம்பெக்ஸ் என்னும் சிறு நிறுவனம் நாடாக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஒலியைப் பதிவது எளிது. காட்சியைப் பதிவது அவ்வளவு எளிதன்று. செவிக்கு எட்டும் ஒலியின் அதிர்வு வினாடிக்கு 20,000 அளவோடு நின்றுவிடும். தொலைக்காட்சிப் படத்துக்கோ பல இலட்சக்கணக்கான அதிர்வுகள் வேண்டும். அவ்வளவையும் பதிய வேண்டுமாயின், நாடா காந்தத் தலையைக் கடந்து மிக விரைந்து ஓட வேண்டும். அமெரிக்க ஆர்.சி.ஏ. நிறுவனம் 1953இல் காட்டிய கருவியில் நாடா வினாடிக்கு 30 அடி ஓடியது. அவ்வாறு ஓடினால் பெரிய நாடாச் சுருளும் சில நிமிடங்களில் தீர்ந்துபோம்.

சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் ஆம்பெக்ஸ் குழுவினர் வேறு வழி கண்டனர். அக்குழுவில் அப்பொழுது இளைஞராயிருந்த ரே டால்பியும் ஒருவர். நாடா மெல்லச் செல்லட்டும். தலை விரைந்து சுழலட்டும் என்பதே அவ்வழி. இரண்டு அங்குல அகலமுள்ள நாடா வினாடிக்கு 15 அங்குலம் மட்டுமே நகர்ந்தது. நான்கு தலைகளைத் தாங்கிய சக்கரம் நிமிடத்துக்கு 14,400 முறை சுழன்று, நாடாவின் குறுக்கே தடம் தடமாகப் பதிந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சிகாகோவில் கூடிய ஒலிபரப்பாளர் மாநாட்டில் இக்கருவி காட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் சி.பி.எஸ். நிறுவனம் அதைக்கொண்டு செய்தி ஒளிபரப்பியது. கருவி ஒன்றின் விலை ஏறத்தாழ 50,000 டாலர்.

நாடாவோடு தலையும் போயிற்று

வெற்றியின் நடுவே ஒரு குறை தலைகாட்டியது. ஒரு கருவியில் பதிந்த நாடா மற்றொரு கருவியில் சரியாக ஓடவில்லை. பதிந்த தலைத்தொகுதியைக் கொண்டே திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு நிலையத்துக்கு நாடாவை அனுப்பினால், அதைப் பதிந்த தலைத்தொகுதியையும் கழற்றி உடன் அனுப்பவேண்டிய நிலை இருந்தது.

இதற்குக் காரணம் என்ன? சக்கரத்தில் நான்கு தலைகளும் சரியாகக் கால்வட்டத்துக்கு ஒன்றாக நிற்க வேண்டும். சக்கரத்தின் ஓரம் வினாடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் விரைவில் ஓடுகிறது. ஒரு தலை தன் இடத்திலிருந்து நான்கு மைக்ரான் விலகி நின்றால் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அத்தலை தந்த படப்பகுதி திரையின் அகலத்தில் ஏறத்தாழ 500இல் ஒரு பங்கு விலகும். ஒவ்வொரு தலையும் படத்தில் பதினாறு வரிகளைத் தருவதால், நேராக நிற்கும் கதவுநிலை திரையில் படிக்கட்டுப்போல் முறிந்து தோன்றும். பதிந்த தலையே திரும்பப் படித்தால் பிழையும் பிழையும் ஒத்துப்போய்ப் படம் சரியாகத் தெரியும். வேறு தலை படித்தால் குறை வெளிப்படும். அஃதாவது, முதல் கருவிகள் பொற்கொல்லரின் சிமிழைப் போன்றவை. ஒவ்வொன்றும் தன்னளவில் சிறந்தது; ஒன்றோடொன்று பொருந்தாதது.

சில ஆண்டுகளில் அளவுகளைக் கண்டிப்பாக்கியும், பிழை திருத்தும் மின்கருவிகளைச் சேர்த்தும் இக்குறையை நீக்கினர். ஒளிபரப்பு நிலையங்களில் பயிற்சி பெற்ற பொறியாளர்கள் அருகிருந்து கருவியைப் பேணினர். அத்தகைய கவனிப்பை வீடுகளில் எதிர்பார்க்க இயலாது.

சாய்ந்த தடம்

நாடாவை ஓர் உருளையின்மேல் சாய்வாகச் சுற்றி, ஒரே தலையால் நீண்ட சாய்தடங்களைப் பதியலாம் என்னும் முறையை ஜெர்மனியில் எடுவார்ட் ஷூல்லரும், ஜப்பானில் தோஷிபா நிறுவனத்து நொரிக்காசு சவசாக்கியும் 1953ஆம் ஆண்டை ஒட்டித் தனித்தனியே கருதினர். இம்முறையில் உறுப்புகள் குறைவு, கருவியும் சிறிதாகும். ஜே.வி.சி. நிறுவனம் இரண்டு தலைகளைக் கொண்ட கருவியை உருவாக்கியது. சோனி நிறுவனம் 1965இல் வீட்டுக்கென்றே ஒரு கருவியை விற்றது. எனினும் ஒரு நிறுவனத்தின் நாடா மற்றொரு நிறுவனத்தின் கருவியில் ஓடவில்லை. இதனால் வாங்குவோர் தயங்கினர். 1970இல் சோனி, மட்சுஷிட்டா, ஜே.வி.சி. ஆகிய மூன்றும் உடன்பட்டு யூ-மேட்டிக் என்னும் பேழை முறையை ஏற்றன. அது பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இடம்பெற்றது. வீட்டுக்கு அது பெரிதாகவும் விலை மிக்கதாகவும் இருந்தது.

அமெரிக்கரும் வாளாவிருக்கவில்லை. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1970இல் ஒரு சிறிய வீட்டுக் கருவியை அறிவித்தது. அதைப் பெருவாரியாகச் செய்யும் பொறுப்பைத் தோஷிபாவுடன் கூட்டாக நடத்திய ஜப்பானியத் தொழிற்சாலைக்கு அளித்தது. கருவி சந்தைக்கு வருமுன்பே 1972இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அவ்வாண்டில் விற்பனைக்கு வந்த கார்ட்ரிவிஷன் என்னும் மற்றோர் அமெரிக்கக் கருவி மறு ஆண்டே மறைந்தது. மாதிரிக் கருவி ஒன்றைச் செய்யும் திறமை அவர்களிடம் நிரம்ப இருந்தது. அதையே இலட்சக்கணக்கில், வீட்டுக்கு ஏற்ற விலையில், ஒத்த தன்மையுடன் செய்யும் தொழிற்சாலை மட்டும் அமையவில்லை.

ஜே.வி.சி. நிறுவனத்தில் ஷிசுவோ தக்கானோ, யூமா ஷிராய்ஷி ஆகியோர் 1971இல் ஒரு பட்டியல் வகுத்தனர். வீட்டுக் கருவி எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை அது வரையறுத்தது. எந்தத் தொலைக்காட்சியோடும் இணைய வேண்டும்; இரண்டு மணி நேரம் பதிய வேண்டும்; ஒரு கருவியின் நாடா பிற கருவிகளிலும் ஓட வேண்டும்; தொழிற்சாலையில் எளிதாகச் செய்யத்தக்கதாகவும் பழுது பார்க்க எளிதாகவும் இருக்க வேண்டும் என்பன அதில் அடங்கும். செய்முறையின் எளிமையைக் கருவியைக் கருதிய நாளிலேயே நோக்கமாக எழுதி வைத்தது கருதத்தக்கது. சோனியின் பீட்டாமாக்ஸ் 1975ஆம் ஆண்டு மே திங்களிலும், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். கருவி 1976ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியிலும் விற்பனைக்கு வந்தன. பின்னதன் விலை 256,000 யென்.

உருளையின் நுட்பம்

வி.எச்.எஸ். கருவியின் உயிர்நிலை 62 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அலுமினிய உருளையாகும். அதன் கீழ்ப்பாதி அசையாது நிற்கும்; மேற்பாதி சுழலும். மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் வழங்கிய ஒளிபரப்பு முறைக்கேற்ப அது நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றது. எதிரெதிரே இரண்டு காந்தத் தலைகள் உருளையின் மேற்பரப்பிலிருந்து மிகச் சிறிதே வெளிநீண்டு நின்றன. நாடா வினாடிக்கு 23 மில்லிமீட்டர் மட்டுமே ஊர்ந்தது. தலையோ நாடாவின்மேல் வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஓடியது. ஒவ்வொரு தலையும் ஒருமுறை கடக்கையில் ஏறத்தாழ 97 மில்லிமீட்டர் நீளமும் 49 மைக்ரான் அகலமும் உள்ள ஒரு சாய்தடத்தைப் பதிந்தது. தலைமயிரின் பருமன் பெரும்பாலும் இதனினும் மிகுதி. மயிரிழையினும் மெல்லிய ஒரு பாதையில், வினாடிக்கு ஐம்பது முறை, பிறழாமல் தலை செல்ல வேண்டும்.

அப்பாதையைக் காட்டுவது எது? உருளையின் கீழ்ப்பாதியில் சாய்வாகக் கடைந்தெடுத்த ஒரு சிறு படியே. நாடாவின் கீழ் ஓரம் அப்படியின்மேல் அமர்ந்து செல்லும். படி சில மைக்ரான் கோணினாலும் தடம் வளைந்துவிடும். வளைந்த தடத்தை அந்தக் கருவி தானே படித்துக்கொள்ளும். அண்டை வீட்டுக் கருவி படிக்க மாட்டாது. ஆம்பெக்ஸ் கண்ட பழைய இடர் இங்கு மீண்டும் வந்து நின்றது. இம்முறை அதைத் தீர்க்க அருகே பொறியாளர் எவரும் இரார்.

ஆகவே தீர்வு முழுவதையும் கடைசல் பட்டறையிலேயே காண வேண்டியதாயிற்று. உருளையை வைர முனையுள்ள வெட்டுளியால் கடைந்தனர். அலுமினியம் ஒரு பாகை வெப்பத்துக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும் உலோகம். 62 மில்லிமீட்டர் உருளை ஏழு பாகை வெப்பம் ஏறினால் பத்து மைக்ரான் பருத்துவிடும். காலையில் கடைந்ததும் நண்பகலில் கடைந்ததும் ஒத்திருக்க வேண்டுமாயின், பட்டறையின் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்திருத்தல் வேண்டும். மேற்பாதியின் பரப்பில் நுண்ணிய வரிகளை வெட்டினர். நாடாவுக்கும் உருளைக்கும் இடையே சிக்கும் காற்று அவ்வரிகளின் வழியே வெளியேறும்.

தலையின் வேலை இன்னும் நுண்ணியது. பெரைட் என்னும் காந்தப் பொருளின் இரு துண்டுகளை மெருகேற்றி, இடையே 0.3 மைக்ரான் அளவே இடைவெளி விட்டுக் கண்ணாடியால் ஒட்டினர். இரு தலைகளின் இடைவெளிகளையும் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக ஆறு பாகை சாய்த்தனர். ஒரு தலை பதிந்ததை மற்றது படியாமலிருக்க இச்சாய்வு உதவியது. அதனால் தடங்களுக்கு நடுவே வெற்றிடம் விடாமல் நெருக்கிப் பதிய முடிந்தது, நாடாவும் மிச்சமாயிற்று. இரு தலைகளையும் ஒரே உயரத்தில், நேர் எதிரெதிராக உருளையில் பொருத்தும் வேலையை நுண்ணோக்கியின் உதவியோடு செய்தனர். இறுதியில் ஒவ்வொரு கருவியிலும் ஒரு முன்மாதிரி நாடாவை ஓட்டிச் சரிபார்த்தனர். யோஹான்சனின் எஃகுக் கட்டை துப்பாக்கித் தொழிலுக்குச் செய்த பணியை, இந்த முன்மாதிரி நாடா வீடியோத் தொழிலுக்குச் செய்தது.

தரம் பிறக்கும் இடம்

இத்தகைய உருளைகளை ஆயிரக்கணக்கில் செய்து, இறுதியில் சோதித்து, கெட்டவற்றை ஒதுக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒதுக்கியவற்றின் செலவும் விலையில் ஏறும்; ஒதுக்கத் தவறியவை வாங்கியவர் வீட்டுக்குப் போகும். இதை முன்பே உணர்ந்தவர் அமெரிக்கர் வால்ட்டர் ஷூவார்ட். 1924இல் அவர் கட்டுப்பாட்டு வரைபடம் என்னும் முறையை வகுத்தார். கடைசல் நடக்கும்போதே இடையிடையே சில உறுப்புகளை எடுத்து அளந்து வரைபடத்தில் புள்ளியிட வேண்டும். வெட்டுளி தேயத் தேயப் புள்ளிகள் ஒரு பக்கம் நகரும். அளவு எல்லையைத் தாண்டுமுன்பே அந்நகர்வைக் கண்டு வெட்டுளியை மாற்றிவிடலாம். கெட்ட பொருள் பிறப்பதற்கு முன்பே தடுக்கப்படுகிறது.

அவருடைய கருத்துகளை எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானுக்குச் சென்று பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் விரித்துரைத்தார். அக்காலத்தில் ஜப்பானியப் பொருள் என்றாலே மலிவானது, விரைவில் கெடுவது என்னும் பெயர் உலகச் சந்தையில் இருந்தது. அப்பெயரைத் துடைப்பது அவர்களுக்கு வாழ்வாதாரச் சிக்கலாக இருந்தது. அடுத்த ஆண்டே டெமிங் பெயரால் அங்கு ஒரு பரிசு நிறுவப்பட்டது. அமெரிக்காவிலோ 1980ஆம் ஆண்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அவரை அறிமுகப்படுத்திய பின்னரே தொழில்துறையினர் பலர் அவரைத் தேடிச் சென்றனர்.

எல்லைக்குள் இருப்பது ஒன்று. குறியில் இருப்பது வேறொன்று. இதற்குச் சான்றாக ஒரு செய்தியைத் தரவியல் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். சோனி நிறுவனம் ஒரே வகை வண்ணத் தொலைக்காட்சியை ஜப்பானிலும், அமெரிக்காவின் சான் டியாகோ நகரிலும் செய்தது. வாங்குவோர் ஜப்பானில் செய்தவற்றையே விரும்புகின்றனர் என்று 1979இல் அசாகி நாளிதழ் எழுதியது. அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தவை எல்லாம் வண்ண அளவின் எல்லைக்குள்ளேயே இருந்தன. எனினும் எல்லையின் ஓரத்தில் நின்றவை பல. ஜப்பானில் செய்தவற்றுள் ஆயிரத்துக்கு மூன்று எல்லையைத் தாண்டியிருந்தன. ஆனால் பெரும்பாலானவை குறியை நெருங்கி நின்றன. சோதனையில் தேறுவதை மட்டும் ஒரு தொழிற்சாலை நோக்கிற்று. சரியான அளவை எட்டுவதை மற்றது நோக்கிற்று. தேர்வுக்கு மட்டும் படிக்கும் மாணவரையும் பாடத்தை உணர்ந்து படிக்கும் மாணவரையும் அறிந்த ஆசிரியர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

போட்டியும் முடிவும்

1977இல் அமெரிக்க ஆர்.சி.ஏ. நிறுவனம், மட்சுஷிட்டா செய்து கொடுத்த வி.எச்.எஸ். கருவியைத் தன் பெயரில் விற்கத் தொடங்கியது. கால்பந்தாட்டம் முழுவதையும் பதிய நான்கு மணி நேரம் வேண்டும் என்று அது கேட்டது. அதற்காக நாடாவின் விரைவு பாதியாயிற்று. அந்நாட்டு முறையில் 58 மைக்ரானாக இருந்த தடம் 29 மைக்ரானாகக் குறுகியது. அவ்வளவு குறுகிய தடத்திலும் பிறழாமல் ஓடும் கருவிகளைத் தொழிற்சாலை பெருவாரியாகத் தந்தது. ஐரோப்பாவில் பிலிப்ஸ், குருண்டிக் நிறுவனங்கள் 1979இல் கொணர்ந்த வீடியோ 2000 முறையில், தலைகளே அசைந்து தடத்தைத் தேடிப் பின்பற்றின. அது அறிவு நுட்பம் மிக்கது, செலவும் மிக்கது. 1980களின் நடுவில் அது மறைந்தது. 1988இல் சோனியும் வி.எச்.எஸ். கருவிகளைச் செய்ய இசைந்தது. பதியும் நேரம், பிற நிறுவனங்களுக்கு உரிமையைப் பகிர்ந்தளித்தமை, வாடகைப் படங்களின் பெருக்கம் எனப் பல காரணங்கள் வி.எச்.எஸ். வெற்றிக்குக் கூறப்படுகின்றன. பல நிறுவனங்கள் செய்த கருவிகளில் ஒரே நாடா ஓடியமை அவ்வெற்றிக்கெல்லாம் அடிப்படையாகும்.

1985க்குப் பின் யென் மதிப்பு உயர்ந்ததும், ஜப்பானிய நிறுவனங்கள் இக்கருவிகளைச் செய்யும் தொழிலை மலேசியா முதலிய நாடுகளுக்கும் விரித்தன. அக்காலத்தில் மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் வீடியோக் கடைகளில் தமிழ்ப் படங்களை வாடகைக்கு எடுத்துப் பார்த்தனர். ஒரு கடையின் நாடா எத்தனையோ வீடுகளுக்குச் சென்று வந்தது. எந்த வீட்டுக் கருவியிலும் அது ஓடும் என்பதில் எவரும் ஐயுற்றதில்லை. அந்த ஐயமின்மையே கடைசல் பட்டறையில் செய்த அத்தனை உழைப்பின் பயனாகும்.

2016ஆம் ஆண்டு ஜூலை திங்களில் ஜப்பானின் பூனாய் நிறுவனம் வீடியோக் கருவிகள் செய்வதை நிறுத்தியது. பிற நிறுவனங்கள் முன்னரே நிறுத்திவிட்டன. விற்பனை குறைந்ததோடு, வேண்டிய உறுப்புகள் கிடைப்பது அரிதானதும் அதற்குக் காரணம். திருமணக் காட்சிகள், கலைவிழாக்கள், மறைந்த பெரியோரின் பேச்சுகள் எனப் பல பதிவுகள் இன்றும் வீடுகளிலும் சங்கங்களிலும் பழைய நாடாக்களில் கிடக்கின்றன. ஈரக் காற்று மிக்க இந்நாடுகளில் அவற்றின்மேல் பூஞ்சணம் படர்கிறது. நாடா கெடாதிருந்தாலும், அதன் தடத்தைப் பிறழாமல் பின்பற்றும் உருளையும் தேயாத தலையும் உள்ள கருவி வேண்டும். அவ்வுருளையைக் கடைந்த பட்டறைகள் வேறு தொழில்களுக்குத் திரும்பிவிட்டன. ஓடும் நிலையில் எஞ்சியுள்ள கருவிகளைக் கொண்டு, இப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றிக்கொள்ளும் காலம் நீண்டதன்று.